திங்கட்கிழமை வரை டீ ஒத்திவைப்பு

ஆடி பத்தாம் தேதி, சனிக்கிழமை. வழக்கம்போல் எழுந்ததும் நாட்குறிப்பில் தேதி போட்டேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். நாளிதழைக் கடைசிப் பக்கம்வரை படித்து, மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு, சபாநாயகரின் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனேன். டீ கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தின் மேல் வந்த கோபத்தில் டீயை நிறுத்திய மனிதர் இந்தத் தேசத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் வீதியில் யாருக்கும் தெரியாது. எல்லாப் பேக்கரியிலும் டிவியில் பாட்டு ஓடும். இவர் கடையில் மட்டும் மக்களவை ஓடும். டில்லியில் உறுப்பினர்கள் எழுந்து கத்தினால், இங்கே இவர் தேங்காய் பன் வெட்டுகிற கத்தியால் கண்ணாடிப் பெட்டியைத் தட்டி, "உக்காருங்க, உக்காருங்க" என்பார். ஒருவரும் உட்கார்ந்ததில்லை. பெயர் மட்டும் அவருக்கு நிலைத்துவிட்டது.

அவர் மக்களவையைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீதியிலிருந்து அவிநாசி ரோட்டுக்குப் போக, ரயில் பாதைக்குக் கீழே செல்லும் சுரங்கப்பாதை ஒன்றுதான் வழி. ஒரு மழை பெய்தால் அது குளம். போன ஐப்பசியில் சபாநாயகரின் மனைவிக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கடைசியில் ஒரு ஜேசிபிக்காரர் அந்த அம்மாவை முன்பக்க பக்கெட்டில் உட்கார வைத்துத் தண்ணீரைத் தாண்டினார். பிழைத்து வந்து அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை, "கல்யாணத்துக்குக்கூட என்னைய இத்தனை ஒசரத்துல யாரும் தூக்குனதில்லீங்க."

எங்கள் தொகுதி எம்.பி. வாக்குக் கேட்டு வந்தபோது இதே கடையில் டீ குடித்தவர். "சுரங்கப்பாதையைப் பத்தி அவையில கேக்கறேன்" என்று சொல்லியிருந்தார். ஒரு வழியாக அந்தக் கேள்வி ஆடி ஐந்து, திங்கட்கிழமைப் பட்டியலில் இடம்பிடித்தது. அன்று நான் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொன்னேன். வீதியே டிவி முன்னால் நின்றது. சபாநாயகர் எல்லோருக்கும் பப்ஸ் கொடுத்தார்.

அவை கூடியது. உடனே எல்லோரும் எழுந்தார்கள். நடுவே அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கத்தியவர்களில் ஒருவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"ஏனுங்க, அது நம்ம எம்.பி.ங்களே!" என்றார் டீ மாஸ்டர்.

அவரேதான். தன் கேள்வியைத் தானே முழுங்கிக்கொண்டிருந்தார். அவை முதலில் பன்னிரண்டு மணி வரை, பிறகு இரண்டு மணி வரை, பிறகு நாள் முழுவதும் ஒத்திவைக்கப்பட்டது. அமைச்சரின் பதில் எழுத்தில் வந்தது: பரிசீலனையில் உள்ளது.

சபாநாயகர் டிவியை அணைத்தார். பிறகு அடுப்பையும் அணைத்தார்.

"பவானியில என்ற மச்சான் ஜமக்காளம் நெய்யறான். தறியை உட்டுப்போட்டு நடுவீதியில நின்னு கத்துனா கூலி குடுப்பாங்களா? அங்க கையெழுத்துப் போட்டாலே தினப்படி! பிளேன் டிக்கெட்டு, ஊடு, கரண்டு, அத்தனையும் நம்ம வரி. இனி அவை எப்ப வரைக்கும் ஒத்திவெக்கறாங்களோ, அதுவரைக்கும் என்ற கடையும் ஒத்திவெப்புங்க."

"டில்லிக்காரன் கத்துனா நம்ம பால் எதுக்குங்க திரியோணும்?" என்றார் கல்லாவில் இருந்த மனைவி.

"அது கண்டனப் பால் அம்மணி. திரியட்டும்."

ஆனால் மனிதர் கொங்கு நாட்டுக்காரர். வந்தவரை வெறும் வாயோடு அனுப்பினால் அவருக்குத் தூக்கம் வராது. இரண்டே நாளில் சட்டத்திருத்தம் வந்தது: வேலைக்குப் போகிற வழியில் வருபவர்களுக்குப் பின்வாசலில் டீ உண்டு. குப்பை எடுக்கும் அம்மாக்கள், ஆட்டோக்காரர்கள், மில் ஷிப்டுக்காரர்கள் எல்லோரும் பின்வாசலில். முன்வாசலில் ஷட்டர் பாதி இறங்கியபடியே நின்றது. தினமும் மறுநாள் வரை ஒத்திவைக்கப்பட்டு வந்த அவை, வெள்ளிக்கிழமை திங்கட்கிழமை வரை ஒத்திவைக்கப்பட்டது. எனவேதான் சனிக்கிழமை நான் பின்வாசலுக்குப் போனபோது, "நீங்க இன்னைக்கு லீவுங்களே, தப்பா நெனைக்காதீங்க" என்று கும்பிட்டார். வெளிநடப்புச் செய்தேன்.

அன்று பத்து மணிக்கு எம்.பி. எங்கள் வீதிக்கு வந்தார். சுரங்கப்பாதையைப் பார்க்க அல்ல; அதற்கு மேலே நட்ட உயர்கோபுர விளக்கைத் திறக்க. இனிமேல் மூழ்குவதை வெளிச்சத்தில் பார்க்கலாம். விழா முடிந்ததும் மாலையோடு பேக்கரி முன்னால் இறங்கினார்; கூட்டத்தோடு நானும் போய் நின்றேன்.

"வாங்க, வாங்க, உக்காருங்க" என்று சபாநாயகர் தன் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். "டீதானுங்க இல்ல."

"ஏனுங்ணா?"

சபாநாயகர் உள்ளே திரும்பித் தலையை அசைத்தார். டீ மாஸ்டர் கேக் பெட்டி அட்டையை உயர்த்திப் பிடித்து, "சக்கரைக்கு நீதி வேணும்! வேணும், வேணும்!" என்று கத்தினார். சபாநாயகர் பன் கத்தியால் கண்ணாடியைத் தட்டினார்.

"உக்காருங்க, உக்காருங்க... பாத்தீங்களா, உக்கார மாட்டேங்கறாரு. திங்கட்கிழமை வரைக்கும் ஒத்திவெக்கறேனுங்க."

எம்.பி.யோடு வந்த வட்டச் செயலாளருக்கு முகம் சிவந்தது. "ஏனுங்க, அண்ணனையே கிண்டல் பண்றீங்களா?"

"கிண்டல் இல்லீங் கண்ணு. அண்ணன் நடத்துன மாதிரியே நடத்தறேன்."

எம்.பி. தணிந்த குரலில் சொன்னார்: "கட்சி எந்திரின்னா எந்திரிச்சுத்தானுங்க ஆகோணும்."

"நாங்க உங்களை உக்காந்து கேக்கத்தானுங்க அனுப்புனோம்."

சபாநாயகரின் மனைவி கல்லாவிலிருந்து கேட்டார்: "என்னைய பக்கெட்டுல வெச்சுக் கொண்டுபோன ஜேசிபிக்காரருக்கு ஏதாச்சும் படி உண்டுங்களா?"

எம்.பி. மாலையைக் கழற்றினார். அதற்குள் பின்வாசல் வழியாக அவருடைய கார் ஓட்டுநருக்கு டீயும் பப்ஸும் போய்ச் சேர்ந்திருந்தன. "நேத்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்திருக்காருங்க" என்று சபாநாயகர் விளக்கினார். தன் ஓட்டுநர் டீயை ஊதி ஊதிக் குடிப்பதை எம்.பி. பார்த்துக்கொண்டே நின்றார். கோவையில் இதுபோல் ஓர் எம்.பி. நின்று நான் பார்த்ததில்லை.

காரில் ஏறும்போது, "திங்கட்கிழமை கேக்கறேனுங்க" என்றார். கேட்பாரா என்று தெரியாது. ஆனால் வட்டச் செயலாளர் பின்தங்கி நின்று, ஷட்டரை ஒரு தட்டுத் தட்டினார்.

"நாளைக்கு இது எப்படித் திறக்குதுன்னு நான் பாக்கறேன்."

"பாக்கோணும்னா நேரமே வாங்க கண்ணு. பால் வந்ததும் திறந்துருவேன்."

அவர் போனதும் மனைவி கேட்டார், "திங்கட்கிழமை வரைக்கும் ஒத்திவெப்புன்னீங்க?"

"அது நானா மூடுனது. இன்னொருத்தன் சொல்லி மூடறதுக்கு இதென்ன நாடாளுமன்றமா?"

சத்தமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அம்மா உள்ளே போனபின், சபாநாயகர் ஷட்டரை முழுக்க இறக்கி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

மறுநாள் ஞாயிறு, ஆடி பதினொன்று. எழுந்ததும் நாட்குறிப்பைத் தொடவில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, நாளிதழ் வாசலில் கிடந்தது. முதல் வேலையாகப் பேக்கரிக்குப் போனேன். பால் வண்டி அப்போதுதான் வந்திருந்தது. சபாநாயகர் தனியாகக் குனிந்து ஷட்டரின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன்.

"லீவு நாள்ல வேலை செய்யறீங்க" என்றார். "உள்ள வாங்க, டீ போடறேன்."

இருவருமாகத் தூக்கினோம்.