ஜாஹிதா வாசித்த பியானோ

மனைவியின் சிறு வயதுப் படத்தில் இருந்த பியானோவில் ஏழு வெள்ளைக் கட்டைக்கு ஏழு கறுப்புக் கட்டை இருந்தது. அமானுல்லா தெப்ராவில் ஒரு கடையில் பார்த்த பழைய எலக்ட்ரிக் பியானோவில் ஏழுக்கு ஐந்துதான்.

"பாய், உலகத்துல எல்லா பியானோவுக்கும் ஏழுக்கு அஞ்சுதான்லா," என்றார் அதை விற்கவிருந்த விஜயன். இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில்.

அமானுல்லா பர்ஸிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். அவள் பிறந்த ஊர்ப்பக்கம், குளுவாங்கில் எடுத்தது. பன்னிரண்டு வயது ஜாஹிதா பியானோ முன்னால் இரண்டு கைகளையும் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். விஜயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். எந்த எஸ்டேட் துரையோ ஆர்டர் கொடுத்துச் செய்த அபூர்வப் பொருளாக இருக்கும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

அமானுல்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே மனசும் உறுத்தியது. அப்படிப்பட்ட பியானோ வாசித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, மாசாயில் இருக்கும் வீட்டுச் சமையலறையில் இத்தனை வருஷம் மிளகாய்ச் சம்பல் அரைக்க வைத்துவிட்டாரே. படத்தைப் பற்றி ஒருமுறை கேட்டபோது, "அதெல்லாம் அந்தக் காலம்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அதே பியானோவை அவள் முன் வைத்தே தீருவது என்று முடிவு செய்தார்.

தொழிற்சாலையில் அவர் எலக்ட்ரீஷியன். மின்சாரம் அத்துப்படி, சங்கீதம்தான் சுத்தமாகத் தெரியாது. அலமாரி செய்வதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, விஜயனிடம் வாங்கிய பியானோவோடு ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். கூடுதல் கறுப்புக் கட்டைகளை ஆன்லைனில் வாங்கிச் செருகினார். இடம் பற்றாமல் வெள்ளைக் கட்டைகளைச் சீவினார். புதுக் கட்டைகளுக்குச் சத்தமே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது. புது போர்டு ஒன்றை வாங்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்ததும் அவை மட்டும் வாசல் மணி மாதிரி அடித்தன. ஜாஹிதா இரண்டு முறை வாசலுக்கு ஓடி, யாரும் இல்லையென்று திரும்பி வந்தாள்.

படத்தில் பியானோ இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. துரைக்கு இடக்கைப் பழக்கம் போலிருக்கிறது என்று கணக்குப் போட்டு, இடப்பக்கக் கால்களை ஓர் அங்குலம் அறுத்தார். உடனே கட்டைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்குகளைப் போட்டுப் பார்த்தார். தொட்டதும் ஒரு கட்டை எகிறிப்போய் மேலே ஃபேனில் அடித்து விழுந்தது. இப்படியே எட்டு மாதம் ஓடியது.

கல்யாண நாளன்று மதியச் சாப்பாட்டுக்கு ஜாஹிதாவின் தங்கை லாயாங் லாயாங் ஊரிலிருந்து வந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் அமானுல்லா துணியை விலக்கினார்.

ஜாஹிதா பியானோவைப் பார்த்தாள். அது சாய்ந்து நிற்பதைப் பார்த்தாள். கணவனின் விரல்களில் இருந்த சூட்டுக் காயங்களைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்காகவா செஞ்சீங்க?"

"நீ வாசிச்ச அதே பியானோ. ஒரு கட்டைகூட மாறல. வாசி."

அவள் உட்கார்ந்து, படத்தில் உள்ளபடியே இரண்டு கைகளையும் தூக்கினாள். தூக்கிய கைகள் இறங்கவே இல்லை. எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டோமே என்று அமானுல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

தங்கை பியானோவைச் சுற்றி வந்து, பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"மச்சான், அது குளுவாங் ஸ்டூடியோவுல இருந்த அட்டைப் பியானோ. அன்னிக்கு நான் அட்டை ஏரோப்ளேன்ல உக்காந்து எடுத்துக்கிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு வெல்டிங் தெரியும், அந்த ஏரோப்ளேன் படத்த மட்டும் அவர் கண்ணுல காட்டிடாதீங்க."