கியர் பெட்டிக்குப் போட்ட சாயம்

என் அப்பாவை நான் ஒரு தடவை உச்சி முதல் உள்ளங்கால் வரை சிவக்க வைத்திருக்கிறேன். கோபத்தில் சிவந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் அப்புறம் வந்தது, முதலில் வந்தது சாயம். தலைமுடி, காது மடல், சட்டை, அன்றைக்குத்தான் மடிப்புக் கலைத்துக் கட்டிய எட்டு முழ வேட்டி, எல்லாம் நல்ல குங்குமச் சிவப்பு. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்த டீச்சர் இதை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்கிறார்கள், அதுவும் கூடக் குறையச் சேர்த்து. அதற்கு நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் அப்பாவுக்கு ஒரு நூல் கடையும், அதற்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறையும் இருந்தன. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே ஜாதி: சாயம் போகிறது, சாயம் போகாதது. இப்படிப்பட்ட மனுஷர் ஒரு பழைய ஜமீன் வீட்டில் ஏலம் என்று வேடிக்கை பார்க்கப் போனவர், நீளமான அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதற்குக் கிளட்ச் கிடையாது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளுமாம். கிளட்ச் இல்லாத காரைப் பார்க்க பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி ஆட்கள் வந்தார்கள். (குனிந்து பார்த்துவிட்டு, 'ஆமாப்பா, இல்லதான்' என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவார்கள்.)

டிரைவர் முத்தையா அண்ணன் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். அவர் இடது கால் சும்மா இருக்காது. இல்லாத கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்துவிடும், பின்சீட்டில் இருக்கிற அப்பா முன்சீட்டை வந்து முட்டுவார். கடைசியில் அந்தக் காலை மடக்கி சீட்டு மேல் வைத்துக்கொண்டே ஓட்டப் பழகினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கம்பி, அதற்கு N, D, L, R என்று நாலு இடம். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் பெரிதாகத் தெரியாது, ஆனால் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் தைரியமாகச் சொல்லிக்கொடுத்தேன்: N என்றால் நில்லு, D என்றால் டவுனு, L என்றால் லோடு, R என்றால் ரிட்டன். வெட்கக்கேடு என்னவென்றால், நாலும் சரியாகவே வேலை செய்தன. அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஆரம்பித்தது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மதுரை ஹாஸ்டலில் தங்கிப் பி.யூ.சி. படிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. நரிக்குடியில் நிலபுலனோடு இருந்த ஒரு குடும்பத்தில் என்னைப் பெண் கேட்டிருந்தார்கள், அங்கே கொடுத்துவிடலாம் என்று அப்பாவுக்கு எண்ணம். படிக்க வேண்டும் என்று நான் வாயைத் திறந்தால், படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்பார். கிழிப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கார் இருமத் தொடங்கியது.

கறுப்பாகப் புகை விடும், குலுங்கும், நின்றுவிடும். ஊரிலிருந்த மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கோயில் நடையைச் சாத்துகிற மாதிரி பயபக்தியோடு மூடிவிட்டுப் போனார்கள். காரோடு ஒரு தடிப் புத்தகமும் வந்திருந்தது. ஒரு பக்கம் அதையும் ஒரு பக்கம் அகராதியையும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர் என்று புரிந்தது. சோக் என்று ஒன்று இருந்தது, அதற்கு அகராதி 'தொண்டையை நெரித்தல்' என்றது. ஒரு வால்வுக்குப் பெயரே பட்டாம்பூச்சி. உள்ளே ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறதாம் என்று முத்தையா அண்ணனிடம் சொன்னேன். அவரும் திறந்து, டார்ச் அடித்து வெகுநேரம் தேடினார். பிறகு செத்துக் காய்ந்த வண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "பட்டாம்பூச்சி இல்ல பாப்பா, வண்டு" என்றார்.

காற்று வருகிற சின்னத் துவாரத்தில் கரிசல் தூசி அப்பியிருந்தது. அவர் ஊக்கு கேட்டார். குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும், ஊதத்தான் வேண்டும் என்று புத்தகம் சொன்னது. சைக்கிள் பம்ப்பை வைத்து ஊதினோம். பெட்ரோல் ஊற்றிக் கழுவி மாட்டிச் சாவியைத் திருப்பினால், கார் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு காகிதத்தைப் படித்து, அதில் சொன்னபடி செய்தால் இரும்பு பேச்சைக் கேட்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்! இன்றைக்கும் சோதனைக் குழாயில் நிறம் மாறும்போது அதே புல்லரிப்புதான்.

அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அன்றைக்குச் சாப்பிடும்போது பந்தயம் கட்டினார். "வார திங்கக்கெழம திருச்சுழி ஆபீசுல எனக்கு ஒரு சோலி இருக்கு. காரு நடுவழியில நிக்காமப் போயிட்டு வந்துருச்சுன்னா உன்னைய மதுரைக்கு அனுப்புறேன். நின்னுச்சு, பேசாம நரிக்குடிக்குக் கழுத்த நீட்டிரணும்."

சரி என்றேன். அன்று சாயங்காலமே காருக்கு அடுத்த நோய் வந்தது. கம்பியை D-க்குத் தள்ளினால் உடனே நகராது. கூப்பிட்டதும் 'ம்' கொட்டிவிட்டு எழுந்திருக்காத ஆள் மாதிரி, கொஞ்சம் யோசித்து ஒரு குதி குதித்துப் புறப்படும். புத்தகத்தைப் புரட்டினேன். கியர் பெட்டிக்கு என்று தனியாக ஒரு எண்ணெய் உண்டாம், அதை அளக்க ஒரு கம்பி உண்டாம். கம்பியில் ஒட்டும் எண்ணெய் தெளிவாக, சிவப்பாக இருந்தால் கியர் பெட்டி ஆரோக்கியமாக இருக்கிறது, கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் மாற்ற வேண்டும். உருவிப் பார்த்தோம். கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது, தீய்ந்த வாடையும் அடித்தது.

இங்கே என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அப்பாவிடம் ஓடிப் போய், எண்ணெய் மட்டும் சிவப்பாக இருந்தால் போதும், கார் ராமேஸ்வரம் வரைக்கும் போகும் என்று அளந்துவிட்டேன். புறப்படுகிற அன்று காலையில் தானே பார்ப்பதாக அவர் சொல்லிவிட்டார். நிறம் பார்க்கத் தனக்கு இங்கிலீஷ் தேவையில்லையாம்.

முத்தையா அண்ணன் ஊரிலிருக்கிற எண்ணெய்க் கடை எல்லாம் அலைந்தார். சிவப்பு எண்ணெயா, தலைக்குத் தேய்ப்பதற்கா என்று கேட்டார்களாம். கடைசியில் லாரிக்கு ஊற்றுகிற எண்ணெயை ஒரு டின் வாங்கிக்கொண்டு வந்தார். அது தேன் நிறத்தில் இருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள். நான் யோசித்தேன். (இந்த வாக்கியத்தைச் சொன்னாலே என் பிள்ளைகள் சிரிப்பார்கள்.) புத்தகம் என்ன கேட்கிறது? எண்ணெய், சிவப்பு. எண்ணெய் இருக்கிறது. சிவப்பு நம் வீட்டுப் பின்னாலேயே மூட்டை மூட்டையாக இருக்கிறது. இதற்கு எதற்கு அமெரிக்கா?

முதலில் சாயப்பொடியை அப்படியே எண்ணெயில் போட்டுக் கிண்டினேன். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பட்டறையில் எப்படிக் கரைப்பார்கள் என்று நினைத்துப் பார்த்து, வெந்நீரைக் கொதிக்க வைத்து உப்பும் சோடாவும் போட்டுப் பொடியைக் கரைத்தேன். ஆனால் தண்ணீரும் எண்ணெயும் சேரவில்லை. அதற்குத்தான் மத்து இருக்கிறதே. அம்மா கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, மோர் கடைகிற மத்தை எடுத்து ஒரு மணி நேரம் கடைந்தேன். கடைசியில் அது சிவந்தது. கண்ணை எடுக்க முடியாத சிவப்பு. பெருமையில் கை வலிகூடத் தெரியவில்லை.

பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றும்போது, ஏன் இப்படி நுரைக்கிறது என்று முத்தையா அண்ணன் கேட்டார். எப்படிச் சிவந்தது என்று கேட்டதற்குப் புத்தகத்தில் வழி இருந்தது என்றேன். நுரை ஏன் என்றதற்கும் அதே பதில்தான். வடிகால் மூடியின் வாஷர் நைந்துபோயிருந்ததால் சணலைச் சுற்றி முறுக்கினார். திங்கள் காலையில் அப்பா அந்த அளவுக் கம்பியை உருவி, எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல அழுத்தமான நிறம் என்று மெச்சினார். அவர் பட்டறைச் சரக்கு, அவர் மெச்சாமல் யார் மெச்சுவார்கள்?

திருச்சுழி ரோட்டில் பாதித் தூரம் வரை கார் ராஜநடை போட்டது. நான் முன்சீட்டில் மடியில் புத்தகத்தோடு, மதுரையில் எந்த டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எஞ்சின் அலறியது, கார் மட்டும் மெதுவாகிக்கொண்டே வந்தது. முத்தையா அண்ணன் டவுனுக்குத் தள்ளினார், லோடுக்குத் தள்ளினார், ரிட்டனுக்கும் தள்ளினார். உடைமரம் தவிர வேறு நிழல் இல்லாத கரிசல்காட்டு நடுவில் அது நின்றே விட்டது. என் மதுரையும் அங்கேயே நின்றது.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். அடியில் ஏதோ சொட்டுகிறது என்று கண்டுபிடித்தோம். முத்தையா அண்ணனின் தொப்பைக்குக் காரின் அடியில் இடம் போதாது. ஒல்லியான ஆள் அப்பாதான். அவர் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்து போய், இந்தச் சணலைப் பிடித்தா இழுக்க வேண்டும்? குளிக்கிற வெந்நீர்ச் சூட்டில், நான் கடைந்த அத்தனையும் அவர் மேல் இறங்கியது. ஒரு வெள்ளை நூலுக்குச் சாயம் ஏற என்னென்ன வேண்டும்? சூடு, உப்பு, சோடா. மூன்றும் அதில் இருந்தன. நூல் ஒன்றுதான் குறை, அதை அப்பாவின் வேட்டி தீர்த்துவைத்தது.

அந்த நேரம் பார்த்து நரிக்குடி போகிற பஸ் வந்தது. காருக்கு அடியிலிருந்து இரண்டு சிவந்த கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, பக்கத்தில் டிரைவர் தலையில் அடித்துக்கொள்கிறார், ஒரு பெண் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். பஸ்ஸிலிருந்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? திருச்சுழியில் போய் ஆஸ்பத்திரிக்குச் சொல்வோம் என்று நல்ல மனசோடு நிற்காமலே பறந்தார்கள். அப்பா வெளியே வந்து, கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். அதற்குள் எதிர்ப்பக்கமிருந்து அருப்புக்கோட்டை பஸ் வந்திருக்கிறது. அதிலிருந்தவர்கள் பார்த்தது ஆளில்லாத காரும் தரையெல்லாம் சிவப்பும்தான். முடிந்துவிட்டது, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊருக்குச் செய்தி போனது.

தோட்டக்காரர் கொடுத்த சவுக்காரம் முழுக்கக் கரைந்தது, சிவப்பு கரையவில்லை. அவருடைய காளைகளைப் பூட்டிக் காரை இழுத்துக்கொண்டு பொழுது சாய ஊருக்குள் நுழைந்தோம். எங்கள் கடை மட்டுமல்ல, தெருவே அடைத்திருந்தது. வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அம்மா தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். காளை இழுக்கும் காரில், பின்சீட்டில், சிவப்பாக ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து வருவதைப் பார்த்ததும் கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. அம்மா பாட்டைப் பாதியில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேட்டி புதுசாச்சே" என்றாள்.

பெரிய கூத்து இனிமேல்தான். நரிக்குடி மாப்பிள்ளை வீட்டார் ஆள் உயர ரோஜா மாலையோடு வந்து இறங்கினார்கள். அப்பாவே எதிர்கொண்டு போய் வாங்க என்று கும்பிட, மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்கள் முழித்ததை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கும். அவர்கள் போன பிறகு அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "எம் புருசன் உசுரோட இருக்கும்போதே மாலை வாங்கிட்டு வந்த வீட்டுக்கு எம் பொண்ணு போகமாட்டா."

அப்பா வேட்டி முனையைக் கசக்கி மோந்து பார்த்தார். "இது எந்தக் கடைச் சாயம்?"

"நம்ம கடைச் சாயந்தான்ப்பா."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் எவ்வளவு கொதித்தது, உப்பு எத்தனை கை என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, அதை எழுத வேண்டாம். கோபம் தீர்ந்ததும் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"இவ படிக்காமயே இருந்திருந்தா எண்ணெயத் தொட்டிருக்கமாட்டா. முழுசாப் படிச்சிருந்தா சாயத்தத் தொட்டிருக்கமாட்டா. இப்படி அரகொறையா கட்டிக் குடுத்தோம்னா, போற வீட்டுல என்னத்தக் கலப்பாளோ. நம்மளால முடியாது, மதுரைக்கே அனுப்பிரு."

பந்தயத்தில் தோற்றுப் படிக்கப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார், ரசாயனம் என்றேன். அதிலும் சாயம் வருகிறதா என்று பெருமூச்சு விட்டார்.

கார் அப்புறம் ஓடவே இல்லை. பட்டறைக்குப் பின்னால் நூல் காயப்போடுகிற கொடிக்கு ஒரு முனையாக நின்றது. பொய் சொன்னவர்கள் மாட்டிக்கொண்டால் சாயம் வெளுத்துவிட்டது என்பார்கள். நான் மாட்டியது வெளுக்காததால். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது அரைகுறையாகத் தெரிந்ததை அடித்துவிட்டால், 'சிவப்பா இருக்கா?' என்று ஒரு குரல் வரும். போன மாதம் என் மகன் கிளட்ச் இல்லாத கார் வாங்கினான். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனான். என்னை மட்டும் பானட் பக்கம் விடவில்லை.

ஹாஸ்டலில் என்னை விடப் போன அன்று அப்பாவின் பிடரியில் இன்னும் லேசாகச் சிவப்பு இருந்தது. என் படுக்கையைச் சுருட்டி அந்த வேட்டியில்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வழியில் நல்ல மழை, மூட்டை தெப்பலாக நனைந்துவிட்டது. உள்ளேயிருந்த வெள்ளை விரிப்பெல்லாம் போயிற்று என்று நான் பதறிப் பிரித்தேன். அப்பா அசையவே இல்லை.

"பயப்படாத," என்றார். "நீ போட்ட சாயம். போகாது."