உண்மையாகவே இதுதான் கடைசி

ஜோக்ஜகார்த்தா,
வெள்ளிக்கிழமை

அன்புக் கொழுந்தன் தர்யோனோவுக்கு அண்ணி ருமியாதி எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், நகலெடுக்கும் மெஷின் மூவரும் சுகம். அவரவர் சத்தத்தை அவரவர் போட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் உன் தொப்பையும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவன் அருளட்டும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், பிழையிருந்தால் நீயே திருத்திக்கொள்.

பெருநாளுக்கு வந்தபோது கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுவிட்டு, "அண்ணி, இனிமே இது முக்காது, முனகாது" என்றாயே, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு முக்கியது. எதிரே நின்றவள் நிங்ரும், கல்லூரியில் கடைசி வருஷம். இரண்டு மணிக்குள் ஆய்வேட்டை அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் இந்தத் தடவை பட்டம் கிடையாது. ஊரில், வொனொசோபோவில், அவள் அப்பா பட்டமளிப்பு விழாவுக்குப் புது பாத்திக் சட்டையே தைத்துவிட்டார். அவளுடைய லேப்டாப் செத்து மூன்று நாளாகிறது, ஆய்வேடு இருப்பது நம் கம்ப்யூட்டரில் மட்டும். அதுவோ மௌஸை அசைத்தால் கொட்டாவி விட்டு ஐந்து நிமிஷம் கழித்து அசைகிறது. "உங்க தம்பி போட்டதுதானே, உங்க குடும்பத்துல எல்லாரும் தின்னதும் படுக்கிற ஆளுங்க" என்றேன் உன் அண்ணனிடம். அவர் மின்விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

நிங்ரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எதையோ திறந்தாள். எட்டு ஜிபி மெமரியில் ஆறரையை ஒருத்தனே விழுங்கியிருந்தான். யாரென்றால், எதைக் கேட்டாலும் தேடித் தருவான் என்று நீ பெருமையடித்தாயே, அந்தத் தேடல் புரோகிராம்தான்.

"நிறுத்தித் தொலைடி!"

"நிறுத்திட்டேன்க்கா. பாருங்க, மறுபடி எந்திரிச்சுட்டான்."

"அப்படி என்னத்தத்தான் படிக்கிறானாம்? கேளு அவன!"

ஏதோ தட்டினாள், அவனே சொல்லிவிட்டான். இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் கடையில் விட்டுப்போன ஆய்வேடுகளை ஒன்றுவிடாமல் அட்டைக்கு அட்டை படிக்கிறான். அதிலும் ஒவ்வொரு பிள்ளையும் 'கடைசி', 'சரியான கடைசி', 'உண்மையாகவே கடைசி', 'இனி திருத்தச் சொன்னால் செத்துவிடுவேன்' என்று ஏழெட்டு வைத்திருக்கும், அத்தனையையும். நடுவில் எவனோ கிராம வரைபடமெல்லாம் திணித்த ஓர் உடைந்த கோப்பு; அதில் தடுக்கி விழுவான், எழுவான், முதல் பக்கத்திலிருந்து மறுபடி. தம்பி, எனக்குக் கோபமே போய்விட்டது. கூலியில்லை, தேநீரில்லை, யாரும் கேட்கவுமில்லை, எழுதினவர்களே திரும்பிப் பார்க்காததை உட்கார்ந்து படிக்கிறானே, இப்படி ஒரு பிறவியா!

நிங்ரும் மட்டும் சளைத்தவளா? உடைந்த கோப்பைத் தூக்கி வெளியே வைத்தாள், அவன் எழுதி எழுதிப் பெருத்துப்போன குறிப்பேட்டை அழித்தாள், "இனிமே பேரை மட்டும் பாரு, உள்ள படிக்காத" என்று கட்டளை போட்டாள். கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை மாதிரி துள்ளியது. 'கடைசி' என்று தேடியதில் அவள் பெயரில் மட்டும் பதினொன்று வந்தது, ஒன்றை அமுக்கினாள், அச்சடித்து அட்டை போட்டு உன் அண்ணன் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிப் பறந்தார். ஒன்று ஐம்பதுக்குக் கொடுத்தாயிற்று! ஆகவே நீ பஸ் ஏறி வரவேண்டாம், எல்லாம் சரியாகிவிட்டது, இனி அவன் உள்ளே எட்டிப் பார்க்கவே மாட்டான்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும், என் கம்ப்யூட்டரைத் தவிர.

இப்படிக்கு,
அண்ணி ருமியாதி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது நிங்ரும் ஓடிவந்தாள். அன்றைக்கு அவள் அமுக்கியது போன வருஷத்துக் 'கடைசி'யாம். மூன்று பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டு, "மிகச் சிறப்பு" என்றும் எழுதிவிட்டார்கள். அவள் அப்பா மட்டும் ஊருக்குப் போன பிரதியில் நன்றிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "என் பேருக்கு முன்னால 'உயிருக்கு உயிரான தெகார்'னு இருக்கே, யாரும்மா அது?" என்று கேட்டிருக்கிறார். தெகாரை இவள் விட்டு எட்டு மாதமாகிறது. தெகார் இல்லாத 'கடைசி' எது என்று பெயரைப் பார்த்தால் தெரியாதே, தேடலை மறுபடி உள்ளே படிக்கச் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உடனே பஸ் ஏறு.