லைன் அக்காவும் ஒற்றை வெளிமானும்

எழுபதுகளில் எங்கள் கம்பெனியை நடத்தியது மேனேஜர் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், நடத்தியது லைன் அக்கா.

திருவெறும்பூர் தாண்டி இருந்த அந்தக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அக்கா டெலிபோன் ஆபரேட்டர். உள்ளே வருகிற, வெளியே போகிற எந்தப் பேச்சும் அவருடைய போர்டைத் தாண்டித்தான் போகவேண்டும். சும்மா தாண்டவும் முடியாது. எனக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை ஒருநாள் போன் செய்து சினிமாவுக்கு வருகிறாயா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள், "அவளுக்குத் தலைவலிங்க, நாளைக்குப் போங்க" என்று நடுவில் ஒரு குரல் பதில் சொல்லிவிட்டது. தலைவலி உண்மைதான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

இப்படிப்பட்டவர் கண்ணில் அந்த மான் பட்டது. குவார்ட்டர்ஸ் பார்க்கில் குழந்தைகளுக்காக நாலைந்து கூண்டுகள் வைத்திருந்தார்கள். முயல், கிளி, கூடவே ஒற்றை வெளிமான். யாரோ குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தது, முறுக்குக் கொம்போடு வளர்ந்து நின்றது. கூண்டு அதோடு சேர்ந்து வளரவில்லை. பக்கத்திலேயே கிளப்பின் ஒலிபெருக்கி. அது அலறும்போதெல்லாம் மான் பயந்து கம்பிவலையில் போய் மோதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அந்தப் பக்கம் வந்த அக்கா, அதன் நெற்றியில் ரத்தம் வழிவதைப் பார்த்துவிட்டார்.

திங்கட்கிழமை முதல் ஆபீஸில் யாருக்கும் நிம்மதி இல்லை. லைன் கேட்டால், "தரேன் சார், அந்த மானைப் போய்ப் பாத்தீங்களா?" என்பார். பார்க்கவில்லை என்றால் லைன் பிஸி. மாதா கோயில் மன்றாட்டில் மானையும் சேர்க்கச் சொல்லிப் பங்குச் சாமியாரையும் நச்சரித்தார் என்று கேள்வி. அவர் 'நலிவுற்ற ஒரு ஜீவனுக்காக' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்தாராம்.

கடைசியில் மேனேஜரே மாட்டினார். மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் கேட்டவருக்கு அக்கா வன அதிகாரியின் லைனைக் கொடுத்துவிட்டார். வேண்டுமென்றேதான். அந்த அதிகாரியிடம் மேனேஜர் பெயரில் முன்னமே பேசிவைத்திருந்தார். எதிர்முனையில் இருப்பவர் யாரென்று மேனேஜருக்குப் புரிவதற்குள், மானைக் கோடியக்கரை சரணாலயத்துக்குக் கொடுக்க முன்வந்ததற்காக அவருக்கு நன்றி கிடைத்துவிட்டது. நன்றி சொல்கிறவரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டுத் தொண்டை கட்டும்வரை கத்தினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, லாரி எப்போது கிடைக்கும் என்று விசாரித்தாராம்.

மானோடு லாரியில் தானும் போவதாகவும், துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்றும் சொல்லி என் பெயரைக் கொடுத்திருந்தார். என்னைக் கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில், கோடியக்கரை என்றதும் சமுத்திர ஸ்நானம் என்று நினைத்து, தீர்த்தம் கொண்டுவரப் பித்தளைச் சொம்பு ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

மான் பயந்தாலே செத்துப்போகும் என்று கூட வந்த மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். உடனே அக்கா, வழியில் ஹாரன் கூடாது என்று சட்டம் போட்டார். ஹாரன் அடிக்காமல் தஞ்சாவூரைத் தாண்ட முடியாது என்றார் டிரைவர். தாண்டலாம் என்றார் அக்கா. எப்படியென்றால், நான் இறங்கி முன்னால் நடந்து, வண்டிக்காரர்களிடமும் சைக்கிள்காரர்களிடமும் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் சொம்போடு, பின்னால் ஒரு லாரி ஊர்ந்துவர, கடைத்தெரு முழுக்க நடந்தேன். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒருவர் சொம்பில் காசு போட்டார்.

மன்னார்குடி தாண்டியதும் மானை அடைத்திருந்த மரப்பெட்டிக்குள் சத்தம் நின்றுபோனது. டாக்டர் லாரியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, பலகை இடுக்கு வழியே பார்த்தார். மான் படுத்திருந்தது. வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தது. நான் வாய்க்காலில் சொம்பு சொம்பாக மொண்டு, பெட்டியைச் சுற்றியிருந்த சாக்கு நனைய ஊற்றினேன். அக்கா ஒன்றும் செய்யவில்லை. மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு மானைவிட அவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"கூண்டுலயாவது உசுரோட இருந்துச்சு" என்றார். "நான்தான் கொன்னுட்டேனோ?"

காலையிலிருந்து மனசுக்குள் சேர்த்துவைத்திருந்த திட்டெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"மூச்சு இருக்குக்கா. ஏறுங்க, போலாம்" என்றேன்.

கோடியக்கரை போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சரணாலயக் காவலர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மான் எழுந்து, தள்ளாடி வெளியே வந்தது. கூண்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் நடந்து, திரும்பியது. மறுபடியும் அதே தூரம் நடந்து, திரும்பியது. எதிரே கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி கிடந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் ஒரு மான் கூட்டம் நகர்ந்தது. இதுவும் தலையைத் தூக்கியது. ஒரு துள்ளல், இன்னொரு துள்ளல், அப்புறம் கூட்டத்தில் எது எங்கள் மான் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சத்தம் கேட்கக் கூடாதென்று அக்கா செருப்பை லாரியிலேயே விட்டுவிட்டு அந்த முள்ளுக்காட்டில் நடந்து வந்திருந்தார். பாதம் முழுக்கக் கருவேல முள். அவரை லாரிப் படியில் உட்காரவைத்து, காலை என் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அக்கா புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் வந்து, கிளம்பலாமா என்று கேட்டார்.

"இன்னும் முள் இருக்குங்க. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

முள்ளெல்லாம் எப்போதோ எடுத்தாகியிருந்தது.