அடைக்கோழிக்கு ஐஸ் தண்ணீர் வைத்தியம்

மாமியார் வீட்டில் புது மாப்பிள்ளை என்ன முட்டாள்தனம் செய்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள். இந்தச் சலுகையைக் கல்யாணமான சூட்டோடு முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவன் நான்.

மாமியார் வீடு சாஆ என்ற சின்ன ஊரில். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமியாரும் என் மனைவி மாலதியும் சந்தைக்குப் போனார்கள். எனக்கு இட்ட ஒரே வேலை, சும்மா இருப்பது. (அது என்ன லேசான வேலையா?)

பின்பக்கம் போனேன். கூடையில் ஒரு சிவப்புக் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் கொத்த வந்தது. கைப்பேசியைத் தட்டினேன். அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டை போடாதாம். வயிற்றுச் சூட்டைக் குளிர்ந்த தண்ணீரில் தணித்தால் தெளிந்துவிடுமாம். காணொளியில் ஒரு புண்ணியவான் சொன்னார். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் சூடேறிய இயந்திரங்களையே வழிக்குக் கொண்டுவருகிறவன் நான். கோழி எம்மாத்திரம்?

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். (மாப்பிள்ளை முகம் முக்கியமில்லையா?) கோழியைத் தூக்கி, ஐஸ் கட்டி போட்ட வாளியில் அமுக்கினேன். அது போட்ட கூச்சலை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அடியில் கிடந்த முட்டைகள் கெட்டுவிடக் கூடாதே என்று துடைத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கினேன்.

அவர்கள் திரும்பியபோது கோழி நனைந்த துணியாக ரம்புத்தான் மரக் கிளையில் இருந்தது.

"அத்தே, ஒங்க கோழிய சரி பண்ணிட்டேன்."

"அதுக்கு என்னா மாப்ள? நல்லாத்தானே இருந்துச்சு?"

"முட்டைய விடாம உக்காந்திருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்து ஐஸ் பெட்டியில வெச்சிட்டேன்."

"அலமாக்!" மாலதி தலையில் கைவைத்தாள். "அது அம்மா குஞ்சு பொரிக்க வெச்ச முட்டைங்க!"

மாமியார் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "பரவால்ல மாப்ள. நல்லாத்தான் குளிப்பாட்டியிருக்கீங்க." பிறகு சமையலறைக்குப் போனார். அங்கே பாத்திரங்கள் என்னைத் திட்டின.

முட்டைகளை மறுபடி கூடையில் வைத்துவிட்டு, கிளையைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். இறகு காய்ந்ததும் கோழி தானாக இறங்கி வந்தது. என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தது. என் வைத்தியம் துளியும் பலிக்கவில்லை. வாழ்க்கையில் எந்தத் தோல்வியும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

கொஞ்ச நாள் கழித்து மாமியார் போன் செய்தார். "ரெண்டு பொரிச்சிருக்கு மாப்ள. மத்ததுக்குக் குளிர் தாங்கல போல." குரலில் அதே மரியாதை.

மறு வருஷம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையை என் கையில் கொடுத்த மாமியார், தாதிகள் முன்னிலையில் பணிவாகச் சொன்னார்: "சூடா வெச்சிருக்கணும் மாப்ள. ஐஸ் பெட்டியில வெச்சிராதீங்க."

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. போன வாரம் பெற்றோர் சந்திப்புக்காக, நாங்கள் குடியிருக்கும் உலு திராமில் அவள் படிக்கும் பள்ளிக்குப் போய், மகளின் பெயரைச் சொல்லிவிட்டு, படிப்பு எப்படி என்று பெருமிதமாகக் கேட்டேன். ஆசிரியை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், கோழிய குளிப்பாட்டுனது நீங்கதானா?"