வடை உள்ளே, விருந்தினர் வெளியே

"பொருள்: ஆமைப்பூட்டு ஒன்று, இரும்புக் கொண்டியுடனும், கதவிலிருந்து அறுத்தெடுத்த ஒரு சாண் பலகையுடனும். நிலை: பூட்டியிருக்கிறது. அருகில்: திறப்பு (சாவி) ஒன்று, சிவப்பு நூலில். பார்வையாளர் கவனத்துக்கு: தயவுசெய்து போட்டுப் பார்க்க வேண்டாம்."

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பின்னறையில் இருக்கும் சின்ன நூதனசாலையில், இரண்டாவது கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த அட்டை இருக்கிறது. எழுத்து என்னுடையது. அட்டையில் திகதியும் உண்டு. அதை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. அன்று வந்திருந்தவர்களில் சிலர் அந்த நாளை மறக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. அந்த நல்ல வேலையை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

திகதியை நான் மறைக்கிறேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உபதபாலகத்தில் தபாலதிபராக இருந்தவள். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை, முத்திரையில் திகதியை மாற்றுவது. தேத்தண்ணி அதற்குப் பிறகு, கடவுள் தேத்தண்ணிக்கும் பிறகு. இளைப்பாறிய பின்னரும் கை சும்மா இருக்கவில்லை. ஊறுகாய்ப் போத்தலில் திகதி, மிளகாய்த்தூள் ரின்னில் திகதி. ஒருநாள் மத்தியானம் சாய்கதிரையில் நித்திரையாகி எழும்பியபோது தன் சேட்டுப் பையிலும் திகதி எழுதிய துண்டு ஒட்டியிருந்ததாக என் கணவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். (சுத்தப் பொய். துண்டு எழுதினது உண்மை, ஒட்டேல்லை.)

இப்படிப்பட்ட ஒருத்தியிடம் சனசமூக நிலையத் தலைவர் வந்து, "மிஸ், பின்னறை சும்மாதானே கிடக்கு. ஊரிலை உள்ள பழஞ்சாமானைச் சேர்த்து வைச்சா என்ன?" என்று கேட்டார். அவர் யோசித்தது ஒரு அலுமாரி அளவு. நான் அதற்கு இரண்டு மடங்காகப் பதிவு அட்டைகளை அச்சடிப்பித்துவிட்டேன். அட்டையின் கடைசிக் கட்டத்தில் "உறுதிப்படுத்தல்" என்று ஒரு தலைப்பு. அதுதான் என் பெருமை. வரும் பொருள் எதுவானாலும், அது சொல்லப்படுகிற பொருள்தானா என்று நான் விசாரித்து நிரப்புவேன்.

சாமான்கள் வந்தன. மண்ணெண்ணெய்ச் சிக்கனத்துக்கு எரித்த ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிள் டைனமோவில் பாடிய ரேடியோ. கனடாவுக்குப் போன மகன் பேசி அனுப்பிய முதல் கசெற். பொருளைத் தர எல்லோருக்கும் மனம் இருந்தது. திகதியைத் தரத்தான் ஒருவரும் இல்லை.

"இது எந்த ஆண்டு?"

"சண்டைக் காலம் பிள்ளை."

"எந்தச் சண்டை?"

"எல்லாச் சண்டையும்தான்."

யோகக்கா எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டில் வாடகைக்கு இருந்தவர். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். சொந்த ஊர் தெல்லிப்பழைக்கு வடக்கே. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டவர். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகள், கொட்டில்கள், ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. எல்லா இடத்துக்கும் அந்தத் திறப்பு சிவப்பு நூலில் கூடவே போனது.

"எண்டைக்கு அக்கா வீட்டைப் பூட்டினீங்கள்?" என்று கேட்டேன்.

"உலையிலை சோறு. அதை வடிச்சு மூடி வைச்சிட்டுத்தான் பூட்டினனான்."

"திகதி?"

"புழுங்கலரிசி."

அவருக்கு ஒரு தம்பி, சிவம். அரியாலையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். அந்தத் திறப்பைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இராது. கலியாண வீடாக இருக்கட்டும், செத்தவீட்டு அந்தியேட்டியாக இருக்கட்டும், அக்காவும் தம்பியும் சந்தித்தால் இந்தக் கதை நடக்கும்:

"உதை ஏன் அக்கா இன்னும் காவுறாய்? உது ஆட்டுக்கொட்டில் திறப்பு."

"ஆட்டுக்கு ஆரடா பூட்டுப் போட்டவன்?"

"எங்கடை அப்பு போட்டவர். களவு போகுதெண்டு."

"போடா. வீட்டுத் திறப்பு எனக்குத் தெரியாதோ?"

கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். யோகக்காவும் சிரிப்பார். ஆனால் கை இடுப்புக்குப் போய்த் திறப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

பிறகு இராணுவத்தின் பிடியிலிருந்து காணி விடுபட்டது. சிவம் போய்ப் பற்றையை வெட்டினார். வீடு இல்லை. நிலையும் இல்லை, கதவும் இல்லை. நிலமும் கிணறும் இருந்தன. படிக்கட்டு இருந்த இடத்தில் மண்ணுக்குள் ஒரு ஆமைப்பூட்டு, வாய் திறந்தபடி. அதை ஒரு சொப்பிங் பையில் போட்டு அக்காவின் மடியில் கொண்டுவந்து வைத்தார்.

"இந்தா. பூட்டு வந்திட்டுது. இனிப் போட்டுப் பார்."

யோகக்கா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து திறப்பையும் அவிழ்த்து, இரண்டையும் என்னிடம் நீட்டினார். நான் அப்போது அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கடை முசியத்திலை வையுங்கோ பிள்ளை."

"போட்டுப் பாக்கேல்லையோ?"

"பிறகு பாப்பம்."

ஒரு திருப்புத்தான். திரும்பினால் அது வீட்டுத் திறப்பு. திரும்பாவிட்டால், வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று அவர் எடுத்துவந்தது, பிறகு இத்தனை வருடம் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தது, ஒரு ஆட்டுக்கொட்டிலின் திறப்பு. அதனால்தான் "பிறகு" என்றார். சின்னப் பிள்ளைக்கும் இது விளங்கியிருக்கும். அறுபத்தொரு வயதான எனக்கு விளங்கவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது அட்டையில் வெறுமையாக இருந்த கடைசிக் கட்டம் மட்டும்தான்.

"திறப்பு விழாவிலை எல்லாருக்கும் முன்னாலை போட்டுப் பாப்பம் அக்கா" என்றேன். "றிபன் வெட்டுறது ஊர் வழமை. நாங்கள் பூட்டைத் திறப்பம். நீங்களே திறவுங்கோ."

யோகக்கா என் வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பிறகு "ஓம்" என்றார். (அந்த "ஓம்" எப்படிப்பட்ட "ஓம்" என்று இப்போது தெரிகிறது.) சிவத்துக்குச் சந்தோசம். திறந்தால் சபையிலே எழும்பி அக்கா சொன்னது சரி என்று சொல்வதாக வாக்குக் கொடுத்தார். திறக்காவிட்டால் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பூட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். வளையம் அசைந்தது. திறப்பைப் போட்டு ஒத்திகை பார்ப்போமா என்று கணவர் கேட்டார். முதல் திருப்பு யோகக்காவின் கையால்தான் நடக்க வேண்டும், அதுதான் வரலாறு என்று விளக்கம் கொடுத்தேன். அவர், "வரலாறு சில நேரம் ஒத்திகை பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். நான் காதில் போடவில்லை.

விழா நாள் வந்தது. பின்னறைக்குள் குத்துவிளக்கு, கண்ணாடிப் பெட்டிகள், பிளாஸ்கில் தேத்தண்ணி, இரண்டு தட்டு உழுந்து வடை. விருந்தினர் வருகிறார் என்றதும் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கதவைச் சாத்திக் கொண்டியில் பூட்டைக் கொழுவி வளையத்தை அமத்தினேன். டக் என்று அழகான சத்தம். (உள்ளே கணவர் மேசைக்குக் கீழே மைக் வயரைத் தேடிக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை.)

பிரதம விருந்தினர் ஒரு இளைப்பாறிய கல்வி அதிகாரி. சீனி வருத்தக்காரர், நேரத்துக்கு ஏதாவது சாப்பிட வேண்டும் என்று அவர் மனைவி தொலைபேசியில் இரண்டு தரம் சொல்லியிருந்தார். நான் வரவேற்புரை ஆற்றினேன். எங்கள் ஊருக்குத் தபால் வந்த ஆண்டிலிருந்து தொடங்கினேன் என்பதைத் தவிர வேறு குறை அதில் இல்லை.

பிறகு யோகக்கா கதவடிக்கு வந்தார். பட்டுச்சேலை உடுத்தியிருந்தார். திறப்பைத் துவாரத்தில் வைத்தார். அது முழுதாக உள்ளே போனது. சனத்துக்குள் "ஆ" என்று ஒரு மூச்சு. சிவம் முன்வரிசையிலிருந்து எழும்பியே விட்டார்.

திறப்பு திரும்பவில்லை.

யோகக்கா மறுபடி முயன்றார். மற்றக் கையையும் சேர்த்து முயன்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும், முப்பது வருடமாக முத்திரை குத்தி நான் சம்பாதித்த அறிவெல்லாம் எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது.

யோசனை சொல்ல ஆள் குறைவில்லை. ஒருவர் தேங்காயெண்ணெய் என்றார், ஒருவர் பென்சில் தூள் என்றார், இன்னொருவர் பூட்டுக்குக் கல்லால் இரண்டு போடச் சொன்னார். அந்த நேரம் யன்னல் பக்கமாக ஒரு குரல் வந்தது.

"இஞ்சரும், நான் உள்ளை நிக்கிறன்."

"ஏன் உள்ளை நிக்கிறியள்?"

"நீர் பூட்டினபடியாலை."

விருந்தினருக்கு வேர்க்கத் தொடங்கியிருந்தது. அவர் மெல்ல யன்னலடிக்குப் போய், "வடை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். கணவர் கம்பிக்குள்ளால் ஒரு வடையை நீட்டினார். பிறகு இன்னொன்று. அதைக் கண்ட சனம் வரிசையாக நின்றது. எங்கள் நூதனசாலையின் முதல் பார்வையாளர்கள் யன்னலுக்கு வெளியே நின்று உள்ளே இருந்த ஒரு மனிதரைப் பார்த்தார்கள். அவரும் நல்ல நிலையில் பேணப்பட்டிருந்தார்.

கதவடியில் ஒருவன் குறட்டோடு வந்தான். "திறப்பின்ரை தலையைப் பிடிச்சு முறுக்குவம். ஒண்டில் திறக்கும், இல்லாட்டி முறியும்."

"விடு" என்று சிவம் அவனை விலக்கினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். இத்தனை வருடம் சொன்னதைச் சொல்ல அவருக்கு இதைவிட நல்ல சபை கிடைக்காது. அவர் குந்தியிருந்து துவாரத்துக்குள் நெடுநேரம் பார்த்தார். திறப்பை இரண்டு விரலால் மெல்ல அசைத்தார். வெளியே இழுத்தார். பல்லைத் தடவி, விரலில் ஒட்டிய துருவைப் பார்த்தார்.

"கறள்" என்றார். "உள்ளுக்கை முழுக்கக் கறள். திறப்பிலை பிழையில்லை. இது வீட்டுத் திறப்புத்தான்."

"அப்ப முறுக்கிப் பாப்பமே" என்றான் குறட்டுக்காரன்.

"முறிஞ்சால் நீ புதுசு செய்து தருவியோ? பூட்டிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. வாளைக் கொண்டுவாங்கோ, கொண்டிப் பலகையை வெட்டுவம்."

"கதவுக்கு இப்பத்தான் பெயின்ற் அடிச்சது" என்று தலைவர் முனகினார்.

"கதவை நான் கட்டித் தாறன்."

சிவம் அறுத்துக்கொண்டிருக்க, விருந்தினர் யன்னலைப் பார்த்தபடி தன் உரையை ஆற்றினார். கணவர் உள்ளே நின்றபடி நன்றியுரை சொன்னார். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் இடையில் மறிபடாமல் பேசியது அன்றுதான். கடைசியில் பலகை கழன்றது, கதவு திறந்தது, குத்துவிளக்கு ஏற்றினோம். வடை முடிந்திருந்தது.

எல்லோரும் போனபிறகு யோகக்காவும் நானும் குழாயடியில் கோப்பை கழுவினோம். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பிள்ளை, ஆட்டுக்கொட்டிலுக்கும் ஒரு பூட்டு இருந்ததுதான்."

"இதே மாதிரியோ?"

"அப்பு ரெண்டையும் ஒரே கடையிலைதான் வாங்கினவர்."

"சிவத்துக்கு அது தெரியாதாக்கும்."

யோகக்கா கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "அவனுக்குத் தெரியாமல்? பின்னேரத்திலை ஆட்டைச் சாய்ச்சுக்கொண்டு வந்து அதைப் பூட்டுறவன் அவன்தானே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சிரித்தார். கை இடுப்புக்குப் போகவில்லை.

சிவம் அதற்குப் பிறகு ஆட்டுக்கொட்டில் கதையை எடுத்ததில்லை. இப்போது இருவருக்கும் புதுச் சண்டை: பழைய காணியில் கட்டிய புது வீட்டுக் கிணற்றடியில் வாழை வைப்பதா, எலுமிச்சை வைப்பதா என்று. வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது, யோகக்கா குடிபோயும்விட்டார். கதவுக்கு வந்த பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று அக்காவிடம், மற்றது தம்பியிடம். இரண்டிலும் துண்டு கட்டினவள் நான்தான், திகதியோடு.

எங்கள் வீட்டில் நான் எந்தக் கதவைச் சாத்தப் போனாலும், "கொஞ்சம் பொறும், வடை உள்ளையோ வெளியையோ?" என்று கணவர் கேட்பார். பேரப்பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். போன மாதம் நாலு வயதுக்காரி குளியலறைக் கதவடியில் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். நான் உள்ளே இருந்தேன்.

கறளைக் கரைக்க இப்போது கடையில் நல்ல எண்ணெய் விற்கிறது, ஒரு நாளில் வேலை செய்யுமாம். வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். மூடி திறக்கவில்லை. பதிவு அட்டையின் கடைசிக் கட்டத்தை நெடுநாள் வெறுமையாக விட்டிருந்து, பிறகு இப்படி நிரப்பினேன்: "இத்திறப்பு இப்பூட்டுக்குரியது எனக் கொடையாளரின் தம்பி சபையில் கூறினார். உறுதிப்படுத்தப்படவில்லை."