கல்மண்டபத்துப் பிளக் பாயின்ட் பரணி

வாழ்க ஞானபாக்கியம்! காலடிப்பேட்டை நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை, காலை வணக்கத்தில் ஒரே கண்ணசைவால் பள்ளி முழுவதையும் வாய்பொத்த வைக்கும் பேராற்றலாள், சத்துணவு முட்டைக் கணக்கில் கனவிலும் பிசகாத கூர்மதியாள், துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் மலைமலையாய் மறித்து நின்ற பெருவழியைத் தன் நீலநிற ஸ்கூட்டியால் ஊடறுத்து, ராயபுரம் கல்மண்டபத்துப் பயிற்சிக் கூடத்துள் புயலெனப் புகுந்த வீராங்கனை வாழ்க, வாழ்க! அவளுடைய செல்போன் மட்டும் சார்ஜ் இல்லாமல் சாகக் கிடந்தது.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை அது. நிதி மேலாண்மைப் பயிற்சிக்கென்று வட்டாரத்துத் தலைமையாசிரியர் சேனை முழுதும் திரண்டிருந்தது. பின்வரிசையில் பதுங்கும் மாணவனைக் காது பிடித்து முன்னே இழுத்து வரும் அப்பெருமக்கள், பயிற்சியென்று வந்துவிட்டால் தாங்களே பின்வரிசைக்கு முண்டியடிப்பது தொன்றுதொட்டு வரும் குலவழக்கம். ஆகவே முன்வரிசை வெறிச்சோடிக் கிடந்தது. அவ்வெறுமையை நோக்கிப் பயிற்றுநர் ஜெரின் மைக்கை ஏந்தி முழங்கினார்: "சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள ஆன்லைன்ல பேமென்ட் போடாத மானியம் எல்லாம் திரும்பிப் போயிடும். நாளைக்கு வந்து அழுது பிரயோஜனம் இல்லை!"

ஞானபாக்கியத்தின் நெஞ்சு திடுக்கிட்டது. மழைக்காலப் புயலில் அவள் பள்ளியின் பெண்கள் கழிவறைக் கதவு பெயர்ந்து விழுந்திருந்தது. புதுக்கதவு கடையில் தயாராக நின்றது. அதற்கான பில் அன்று காலைதான் கைக்கு வந்தது. பணம் ஏறாமல் கதவு கடையை விட்டு அசையாது. பணம் ஏற வேண்டுமென்றால் செல்போன் பிழைக்க வேண்டும்.

அக்கூடத்தில் உயிரோடிருந்த பிளக் பாயின்ட்டுகள் இரண்டே. ஒன்று புரொஜெக்டரின் ஆட்சியில் இருந்தது. மற்றொன்றைத் தன் சார்ஜரால் முற்றுகையிட்டு, அருகே நாற்காலி போட்டுக் காவலிருந்தான் எண்ணூர்ப் பள்ளித் தலைமையாசிரியன் குமாரவேல், அனல்மின் நிலையச் சாம்பல் காற்றுக்கும் அசையாத சால்வைத்தோளன்.

"சார், கொஞ்சம் கழட்டுங்க. எங்க பொண்ணுங்க கதவுக் காசு பூடும்."

"எனக்கு மட்டும் இன்னா டீச்சர், பேஜாரு இல்லியா? எங்க ஸ்கூல் மோட்டார் காசு இன்னும் ஏறல. சும்மாவா போட்டுகினு கீறேன்?"

மூண்டது போர். அவள் பிடுங்க, அவன் செருக, அவள் மீண்டும் பிடுங்க, காசிமேட்டு ஏலத்தில் ஒரே மீன்கூடையைப் பற்றிய இருவர்போல் இருவரும் அச்சுவரோரம் மல்லுக்கட்ட, வளையல் சிதற, சால்வை சரிய, மைக் அலற, பின்வரிசை முழுவதும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஆனால் எதிரியின் கோரிக்கையும் நியாயமானதே என்பதை எண்ணியபோது அறவழி வழுவாத அம்மாதரசியின் கை தளர்ந்தது. அப்போதுதான் அவள் பார்வை புரொஜெக்டரின் மேல் விழுந்தது.

ஒரே இழுப்பு! 'நிதித் திட்டமிடல்' என்னும் ஒளிப்பெருந்திரை கண்ணிமைக்கும் நேரத்தில் இருண்டது. "மேடம், இன்னா பண்றீங்க!" என்று ஜெரின் பதறினார்.

"ஸ்லைடை நாளைக்கிப் பாத்துக்கலாம் சார். கதவுக் காசு நாளைக்கி வருமா?" என்று சூளுரைத்தாள் நாயகி. காலை முதல் அந்த ஸ்லைடின் மரணத்துக்கே தவமிருந்த பின்வரிசை கைதட்டி ஆர்ப்பரித்தது.

செல்போன் உயிர்த்தெழுந்தது. இணையதளம் வாயில் திறந்தது. கடையின் பெயர், வங்கிக் கணக்கு, தொகை என்று ஒவ்வோர் அரணாகத் தகர்த்து முன்னேறிய அவள், இறுதிப் பொத்தானை அழுத்தி ஓடிபிக்குக் காத்திருந்தாள். வரவில்லை. மறுபடி அழுத்தினாள். அப்போதும் வரவில்லை. பகை மறந்து எட்டிப்பார்த்த குமாரவேல், "டீச்சர், ஓடிபி போன செல் நம்பர்ல கடைசி நாலு காட்டுது பாருங்க. அது உங்க நம்பரா?" என்றான்.

அது ஷம்ஷாத்தின் எண். சென்ற ஆண்டு ஓய்வுபெற்று, தலைமை நாற்காலியையும் பீரோச் சாவியையும் பள்ளி முத்திரையையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஞானபாக்கியத்திடம் ஒப்படைத்துச் சென்ற முன்னாள் தலைமையாசிரியை. இணையதளத்தில் பதிந்திருந்த செல் நம்பரை மாற்ற வேண்டுமென்பது மட்டும் இருவருக்குமே தோன்றவில்லை; ஞானபாக்கியம் அதில் பணம் போடுவதும் அன்றுதான் முதல்முறை. உடனே ஷம்ஷாத்தை அழைத்தாள்.

"மேடம், நான் ஞானபாக்கியம். உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க."

"ஓடிபியா? போன வாரம் இப்டித்தான் எங்க வூட்டுக்காரர் காசைச் சுருட்டுனீங்க. இப்ப டீச்சர் குரல்லயே பேசுறீங்களா? நானும் எச்.எம்மா இருந்தவதான், என்கிட்டயே கதை வுடறியா? போனை வையி!"

அதன்பின் அந்த எண் அணைத்து வைக்கப்பட்டது. ஞானபாக்கியம் மீண்டும் மீண்டும் அழைத்தாள். கூடமே மூச்சடக்கிக் கடிகாரத்தைப் பார்த்திருக்க, வானம் பார்த்திருக்க, வங்கக்கடலும் அலையடக்கிப் பார்த்திருக்க, மணி ஐந்தானது.

திங்கட்கிழமையும் பெண் பிள்ளைகள் வெளியே ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் கழிவறைக்குள் போனார்கள்.